பனிக்காலத்துப் பூச்செண்டு

மார்கழி பிறந்துவிட்டது. ஆலத்தூர் நாட்டில் காலை எட்டு மணியாகியும் பனி விலகுவதில்லை. எதிரே வருபவரின் இருமலைக் கேட்ட பிறகுதான் அவர் முகம் நமக்குத் தெரிகிறது. இந்தக் குளிரில் கம்பளியைப் போர்த்துக் கொண்டு உட்கார்ந்திருந்த வேளையில், சமவெளியில் வாழும் சகோதரி ஒருவரின் கடிதம் கிடைத்தது. பண்டிகைக்கு விருந்தினர் வருகிறார்களாம். பனியால் மல்லிகை வரத்துக் குறைந்து, விலையோ கேட்கவே அச்சமாயிருக்கிறதாம். "கூடத்தில் வைப்பதற்குப் பிளாஸ்டிக் பூக்கள் வாங்கி வைத்தால் என்ன? ஒரு முறை வாங்கினால் பத்து வருஷம் வருமே" என்று கேட்டிருக்கிறார்.

பத்து வருஷம் வரும் என்பது வாஸ்தவமே. அதுதான் அதன் குறையும். பத்து வருஷத் தூசியும் கூடவே வரும். வாடாத பூவை யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை. அந்தச் சகோதரியின் கொல்லைப்புறத்தில் என்ன இருக்கிறது என்று நான் அறியேன். ஆயினும் ஒரு செம்பருத்தியும், ஒரு குரோட்டன்ஸும், வேலியோரத்தில் தும்பையும் இல்லாத கொல்லை நம் நாட்டில் அரிது. முன்பனிக் காலத்துக்கென்றே பூக்கும் டிசம்பர் பூவும் இருக்கக்கூடும். மணம் இல்லாவிட்டாலும் நிறத்தில் அதற்கு ஈடு சொல்ல முடியாது.

இது மேல்நாட்டாரிடமிருந்து நாம் கற்க வேண்டிய வித்தை என்று சிலர் நினைக்கிறார்கள். நம் பாட்டிமார் வாசலில் செய்தது என்ன? கோலத்தின் நடுவே சாணத்தைப் பிடித்து வைத்து அதில் பூசணிப் பூவைச் செருகினார்கள். காம்பை நிறுத்தவும், ஈரம் காக்கவும், அழகு செய்யவும் அந்த ஒரு பிடி சாணமே போதுமானதாயிருந்தது. பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. நீண்ட மெல்லிய காம்புடைய ஆண் பூவைப் பறித்தால் காய் குறையாது. மகரந்தத்துக்காகக் கொடியில் சிலவற்றை விட்டுவைத்தால் போதும். அடியில் சிறு பிஞ்சு தெரிந்தால் அது பெண் பூ, அதைத் தொடலாகாது. திருநெல்வேலிப் பக்கத்தில் இந்தப் பூக்களை வறட்டியாகத் தட்டிக் காயவைத்து, தை மாதத்தில் சிறுவீட்டுப் பொங்கல் முடிந்ததும் பெண் குழந்தைகள் ஆற்றில் கொண்டுபோய் விடுவார்கள். (இவ்வளவுக்கும் பூசணி அமெரிக்காக் கண்டத்திலிருந்து வந்த கொடி. செண்டுமல்லியும் அங்கிருந்து வந்ததே. வந்தவர்களை நம்மவராக்கிக் கொள்வதில் நமக்கு இணை யாரும் இல்லை!)

கொங்குச் சீமையிலும் சேலம், நாமக்கல் பக்கத்துக் கிராமங்களிலும் போகியன்று காப்புக் கட்டுவார்கள். கூரைப்பூ என்னும் சிறுபீளை, ஆவாரம்பூ, வேப்பிலை, மாவிலை ஆகியவற்றைச் சேர்த்துக் கொத்தாகக் கட்டி, வீட்டு இறவாணத்திலும் மாட்டுக் கொட்டகையிலும் வயலிலும் செருகுவார்கள். வெண்மை, பொன்மஞ்சள், இரண்டு விதமான பச்சை: இந்த நிறச் சேர்க்கையை எந்தச் சித்திரக்காரரும் குறை கூற மாட்டார். எல்லாம் வழியோரத்திலும் தோட்டத்திலும் கிடைத்தவை. காசு கொடுத்து வாங்கியவை அல்ல. இப்பொழுது நகரச் சந்தைகளில் இதுவும் கட்டு ஒன்றுக்கு இன்ன விலை என்று விற்கப்படுகிறது. விற்பதில் தவறில்லை. ஆனால் பறிப்பவர் அவசரத்தில் சிறுபீளையை வேரோடு பிடுங்கிவிட்டால் அடுத்த தையில் அந்த இடம் வெறுந்தரைதான். கத்தரிக்கோலால் மேற்கொத்தை மட்டும் நறுக்குவதற்கு அரை நிமிஷங்கூட ஆகாது.

பாத்திரத்துக்கு வருவோம். கொல்லிமலையில் எனக்கு உகந்தது மூங்கில்தான். கணுவுக்குச் சற்றுக் கீழே அறுத்தால் கணுவே அடியாகிவிடும். அதற்கு மேல் ஒரு சாண் நீளம் விட்டு வாயை நேராக அறுக்க வேண்டும். பச்சை மூங்கில் உலரும்பொழுது வெடிக்கும். உட்புறம் தேன்மெழுகை உருக்கிப் பூசினால் கசிவு பெரும்பாலும் நின்றுவிடும். ஜப்பான் தேசத்தில் 1590-ஆம் ஆண்டில் ஹிதேயோஷி என்னும் தலைவர் ஒடவாரா கோட்டையை முற்றுகையிட்டிருந்த சமயம், அவருடன் சென்றிருந்த தேநீர்க் கலை ஆசான் ரிக்யூ பாசறையில் இருந்தபடியே மூங்கிலை வெட்டிப் பூக்குழாய் செய்தார். அதில் ஒன்றுக்கு வெடிப்பு உண்டு, நீர் கசியும். அதனாலேயே அது பெயர் பெற்றது. இன்று அதை டோக்கியோ தேசியப் பொருட்காட்சிசாலையில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். ஆகையால் உங்கள் குழாய் வெடித்தால் வருந்த வேண்டாம். அடியில் ஒரு தட்டை வைத்துவிடுங்கள்.

மூங்கில் கிடைக்காதவர்களுக்குக் கொட்டாங்கச்சி, சுரைக்குடுக்கை, மூளியான ஊறுகாய் ஜாடி, கழுத்து உடைந்த மண்பானை, பரணில் கிடக்கும் நசுங்கிய செம்பு எல்லாம் இருக்கின்றன. 1936 டிசம்பரில், முதன்முறையாக ஒரு கிராமத்தில், காந்தேஷ் பிரதேசத்துப் பைஸ்பூரில் காங்கிரஸ் மகாசபை கூடியது. பந்தலும் வாயிலும் கிராமத்தில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே அமைய வேண்டும் என்று விரும்பிய காந்தியடிகள், சாந்திநிகேதனத்திலிருந்து நந்தலால் போஸை அழைத்தார். அவரும் மூங்கிலையும் கீற்றையும் கொண்டே வேலையை முடித்தார். ஒரு தேசத்தின் மகாசபைக்குப் போதுமானது நம் வீட்டுக் கூடத்துக்குப் போதாதா?

காம்புகளை நிறுத்துவதுதான் புதியவர்களுக்குத் தொல்லை. குழாயின் வாயில் இரண்டு குச்சிகளைச் சிலுவையாகக் குறுக்கே செருகினால் நான்கு அறைகள் கிடைக்கும். அகன்ற பாத்திரமானால் வாழைத்தண்டில் ஒரு துண்டை வெட்டி உள்ளே வைத்து, ஊசியால் துளையிட்டுக் காம்புகளைச் செருகலாம். நீரையும் அதுவே வைத்துக் கொள்ளும். வெயில் ஏறுமுன் பறியுங்கள். நுனியைச் சாய்வாக வெட்டுங்கள். நீருக்குள் அமிழும் இலைகளை உருவிவிடுங்கள். இல்லாவிட்டால் மூன்றாம் நாள் நாற்றம் எடுக்கும். நீரைத் தினம் மாற்றுங்கள். இதற்குமேல் இரகசியம் ஒன்றும் இல்லை.

எங்கள் மலையில் இப்பொழுது காப்பிப் பழம் பறிக்கும் காலம். பறிக்கையில் ஒடிந்து விழும் கிளைகளில் சிவப்பும் பச்சையுமாகக் காய்கள் ஒட்டிக் கொண்டிருக்கும். அதனுடன் சில்வர் ஓக் மரத்தின் சருகைச் சேர்த்தால் அடிப்புறத்து வெள்ளி நிறம் விளக்கொளியில் மின்னும். களத்தில் சிதறிய கேழ்வரகுக் கதிரையும் சாமைத் தாளையும் நிழலில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு உலர்த்தினால் மாதக்கணக்கில் இருக்கும். உண்ணிச்செடியை எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டுங்கள். அலங்காரத்துக்கென்று 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தேசத்துக்குக் கொண்டுவரப்பட்ட செடி அது. இன்று காட்டையே விழுங்கிக் கொண்டிருக்கிறது. பழம் பழுக்குமுன் வெட்டுவது உத்தமம்; பறவைகள் விதையைப் பரப்பாமலிருக்கும். ஆனால் காப்புக்காட்டுக்குள் புகுந்து மரத்தில் ஒட்டி வளரும் ஆர்க்கிட் செடிகளைப் பிய்த்து வருபவர்களை நான் மன்னிப்பதில்லை. அவை பூக்குமளவுக்கு வளரவே பல வருஷங்களாகும். நம் மேஜையின்மேல் ஒரு வாரங்கூட இரா.

ஒரு விஷயத்தை வெட்கத்துடன் எழுதுகிறேன். சில வருஷங்களுக்கு முன் என் வகுப்பறை ஜன்னலில், மூங்கில் குழாயொன்றில் குன்றிமணிக் கொடியை வைத்திருந்தேன். நெற்றுகள் வெடித்து, சிவப்பும் கருப்புமான மணிகள் வரிசையாகத் தெரிந்தன. வந்தவர் எல்லாரும் புகழ்ந்தார்கள், நானும் பூரித்திருந்தேன். ஒரு நாள் மாலை, மாணவி ஒருத்தியைக் கூட்டிச் செல்ல வந்த தாயின் இடுப்பிலிருந்த குழந்தை, கை நீட்டி மணிகளைப் பறித்து வாயில் போட்டுக் கொண்டது. "ஐயோ சார், என்னமோ தின்னுட்டான்!" என்று அந்த அம்மாள் அலறியபொழுது எனக்குக் கைகால் ஓடவில்லை. வாயில் விரலை விட்டு இரண்டு மணிகளை எடுத்தோம். மூன்றாவது ஒன்று உள்ளே போயிற்றா இல்லையா என்பது தெரியவில்லை. எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து கீழே ஆஸ்பத்திரிக்குப் போகும் வரையில் ஒருவரும் பேசவில்லை. குழந்தை பிழைத்தது. மேலோடு கடினமானதாகையால் மெல்லாமல் விழுங்கிய மணி பெரும்பாலும் அப்படியே வெளிவந்துவிடும். மென்றாலோ மிகச் சிறிதளவே உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் விளக்கினார். பிள்ளையாருக்குக் கண்ணாக வைக்கும் மணியாயிற்றே என்ற அலட்சியம்தான் என்னை அப்படிச் செய்ய வைத்தது.

ஆகையால் குழந்தைகள் உள்ள வீட்டில் குன்றிமணி, ஊமத்தை, அரளி, செங்காந்தள் ஆகிய நான்கும் வேண்டாம். செங்காந்தள் நம் மாநில மலர். ஆனாலும் அதன் கிழங்கு முதல் விதை வரையில் விஷமே. அதை வேலியில் நின்றே பார்த்து மகிழலாம். அரளியைப் பூஜைக்குப் பறித்தால் கையைக் கழுவுங்கள். அது நின்ற நீரை ஆடுமாடு குடிக்கும் இடத்தில் கொட்டாதீர்கள்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு ஒரு யோசனை. விருந்தினர் வருவதற்கு முதல் நாள் மாலை, குழந்தைகளிடம் ஒரு கூடையைக் கொடுத்துக் கொல்லையைச் சுற்றி வரச் சொல்லுங்கள். கொண்டுவந்தவற்றில் மேற்சொன்ன நான்கும் இருந்தால் எடுத்துவிட்டு மற்றதை வாளி நீரில் இரவு முழுவதும் நிறுத்தி வையுங்கள். பாத்திரத்தை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். என் வகுப்பில் இவ்வருஷம் ஒரு பையன், அடி ஓட்டையான தகர டப்பாவைக் கொண்டுவந்திருக்கிறான். ஓட்டையைக் களிமண்ணால் அடைத்து, அதில் தும்பையையும் காய்ந்த சாமைத் தாளையும் வைத்திருக்கிறான். நேற்றுக் காலை அதன்மேல் ஒரு தேனீ வந்து உட்கார்ந்திருந்தது.