பிரசவம் எங்கே பார்ப்பது?

ஆலங்குளம் வட்டாரத்தில் பீடி சுற்றாத தெருவைத் தேடித்தான் காண வேண்டும். மடியில் தட்டு, தட்டில் தூள், கையில் இலை. கர்ப்பிணிப் பெண் எட்டாம் மாதத்தையும் ஒன்பதாம் மாதத்தையும் இப்படி உட்கார்ந்தபடியேதான் கழிக்கிறாள். வயிறு முட்டினால் தட்டைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொள்கிறாள். வேலையைத் தள்ளி வைக்க அவளால் முடியவில்லை. வயல் வேலைக்குப் போகிறவளின் பாடு இதைவிடக் கஷ்டம். நடவுக் காலத்தில் குனிந்தால்தான் கூலி.

இந்த வீடுகளில் எல்லாம் பிரசவ மாதம் நெருங்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. எங்கே பார்ப்பது? சர்க்கார் ஆஸ்பத்திரியிலா, பிரைவேட்டிலா, சிலர் மறுபடியும் பேசத் தொடங்கியிருப்பதுபோல் வீட்டிலேயேவா? இது பெண்கள் சமாச்சாரம், தலையங்கத்தில் எழுத என்ன இருக்கிறது என்று சில தோழர்கள் நினைக்கலாம். நாம் அப்படிக் கருதவில்லை. தொழிலாளி வீட்டில் ஒரு பிரசவம் உயிர் சம்பந்தப்பட்டது. பல வருஷக் கடனும் சம்பந்தப்பட்டது. அந்தக் கடனை அடைக்கப் பெற்றவளே திரும்பவும் தட்டை எடுத்து மடியில் வைக்கிறாள்.

முதலில் கடனைப் பற்றிப் பேசுவோம். நம் பக்கத்து வழக்கப்படி தலைப்பிரசவம் தாய்வீட்டுச் செலவு. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து பெண்ணை அழைத்துப் போகும்போதே மாப்பிள்ளை வீட்டார் சொல்லி அனுப்புகிறார்கள்: "நல்ல ஆஸ்பத்திரியாகப் பாருங்கள்." நல்ல ஆஸ்பத்திரி என்றால் கண்ணாடிக் கதவு வைத்த ஆஸ்பத்திரி என்று அர்த்தம். சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனால் கௌரவக் குறைச்சலாம்! வரதட்சணை சட்டப்படி குற்றம் என்று எழுதி வைத்திருக்கிறோம். அது இப்போது பிரசவ பில்லின் உருவத்தில் வாசல் வழியாகவே உள்ளே வருகிறது. பெண்ணைப் பெற்றவன் நகையை அடகு வைக்கிறான். போதாததற்கு வட்டிக்கு வாங்குகிறான். கந்துவட்டி என்ன செய்யும் என்பதை நெல்லைச் சீமைக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. 2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒரு குடும்பமே தீயில் கருகியதை நாடே பார்த்தது.

இந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது? மத்திய சர்க்கார் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின் கணக்கு இருக்கிறது. 2019-21-ல் தமிழ்நாட்டின் தனியார் ஆஸ்பத்திரிகளில் நடந்த பிரசவங்களில் நூற்றுக்கு சுமார் 64 வயிற்றைக் கிழித்துச் செய்தவை. சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் நூற்றுக்கு 36. சிக்கலான கேஸ்களை எல்லாம் கடைசி நேரத்தில் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குத்தானே தள்ளிவிடுகிறார்கள்? அங்கே அல்லவா சிசேரியன் அதிகமாக இருக்க வேண்டும்? கணக்கு தலைகீழாக நிற்கிறது. ஒரு நாட்டில் சிசேரியன் நூற்றுக்குப் பத்தைத் தாண்டிய பிறகு, அது கூடக் கூட மரணம் குறைவதாகக் காணோம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2015-ல் அறிவித்தது. அப்படிப் பார்த்தால் சர்க்கார் ஆஸ்பத்திரியின் 36-ம் பெருமைப்படத் தக்கதல்ல.

சிசேரியனே கூடாது என்று நாம் சொல்லவில்லை. குழந்தை குறுக்கே கிடந்தால், நஞ்சுக்கொடி வாயிலை அடைத்துக்கொண்டால், அந்தக் கத்திதான் இரண்டு உயிரைக் காப்பாற்றுகிறது. ஆனால் பஞ்சாங்கம் பார்த்து நல்ல நேரத்துக்கு அறுப்பதும், டாக்டரின் சௌகரியத்துக்கு அறுப்பதும், பில்லுக்காக அறுப்பதும் வேறு விஷயம். அறுபட்டவள் உட்கார்ந்து தொழில் செய்கிறவள் அல்லது குனிந்து வேலை செய்கிறவள் என்பதை எந்த பில்லும் கணக்கில் எடுப்பதில்லை. முதல் பிரசவம் அறுவை என்றால் அடுத்ததற்கும் பெரும்பாலும் அதுவே வழியாகிவிடுகிறது.

இதைக் கண்டு மிரண்டுபோன சிலர் எதிர்ப்பக்கம் ஓடுகிறார்கள். நம் பாட்டிமார் வீட்டில் பெறவில்லையா என்கிறார்கள். பெற்றார்கள். ஊர் மருத்துவச்சி கைராசியோடு பிள்ளை எடுத்தாள்; அவளை ஊர் ஒதுக்கியும் வைத்தது, ராத்திரி இரண்டு மணிக்குக் கதவையும் தட்டியது. ஆனால் பிழைத்த பாட்டிதான் நமக்குக் கதை சொல்கிறாள். பிரசவத்தில் மாண்டவளின் கதையைச் சொல்ல யார் இருக்கிறார்கள்? 1990-களின் தொடக்கத்தில்கூடத் தமிழ்நாட்டில் பத்துப் பிரசவத்தில் மூன்று நான்கு வீட்டில்தான் நடந்தன. இன்று ஏறக்குறைய எல்லாமே ஆஸ்பத்திரியில். 2018-20-ல் ஒரு லட்சம் பிரசவத்துக்குத் தாய் மரணம் தமிழ்நாட்டில் 54. இந்தியா முழுவதற்கும் 97. ஐம்பத்து நான்கும் அதிகம்தான். ஆனாலும் இந்த வித்தியாசம் தானாக வந்ததல்ல. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவும் பகலும் நர்ஸ்களை வைத்ததும், 2008-ல் 108 வண்டி ஓடத் தொடங்கியதும் இதற்குக் காரணங்கள்.

2018 ஜூலையில் திருப்பூரில் ஒரு பெண் வீட்டிலேயே, வீடியோ பார்த்துச் செய்த பிரசவத்தில் உதிரம் கொட்டி இறந்துபோனாள். உதிரப்போக்கு இரண்டு மணி நேரத்தில் உயிரைக் குடித்துவிடும். அந்த நேரத்தில் ஊசி வேண்டும், ரத்தம் வேண்டும், கை தேர்ந்தவர் பக்கத்தில் வேண்டும். செல்போனில் காட்டுகிறார்களே, வெள்ளைக்காரப் பெண்கள் வீட்டில் சந்தோஷமாகப் பெற்றுக்கொள்வதை? இங்கிலாந்தில் அப்படிச் செய்கிறவள் வீட்டுக்குப் பயிற்சி பெற்ற மருத்துவச்சி பெட்டியோடு வந்து நிற்கிறாள். அவளுக்குச் சம்பளம் சர்க்கார் கொடுக்கிறது. யாருக்கு வீட்டில் பார்க்கலாம், யாருக்குக் கூடாது என்று மாதக்கணக்கில் பரிசோதித்துத்தான் முடிவு செய்கிறார்கள். அந்த ஏற்பாட்டை எல்லாம் விட்டுவிட்டு வீட்டை மட்டும் காப்பி அடிப்பது பைத்தியக்காரத்தனம்.

அவ்வளவு தூரம் போவானேன்? கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையைப் பாருங்கள். 1926-ல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பகுதியைத் தொடங்கியதிலிருந்து, ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு மருத்துவமாதுவை வைத்து வந்தார்கள். கர்ப்பம் என்று தெரிந்ததும் அவள் வீடு தேடி வருகிறாள். பிரசவம் சர்க்கார் ஆஸ்பத்திரியில், இலவசமாக. பணக்கார நாடாக இல்லாமலே தாய் மரணத்தை வெகுவாகக் குறைத்தார்கள்.

ஆகவே நமது அபிப்பிராயத்தை நேரடியாகச் சொல்லிவிடுகிறோம். தொழிலாளி வீட்டுப் பெண்ணுக்கு முதல் இடம் சர்க்கார் ஏற்பாடுதான். கர்ப்பம் தெரிந்த உடனே, பன்னிரண்டு வாரத்துக்குள், கிராம சுகாதார நர்ஸிடம் பதிவு செய்ய வேண்டும். முத்துலட்சுமி ரெட்டி பெயரிலுள்ள மகப்பேறு உதவி முதல் இரண்டு பிரசவத்துக்கு, 2018 முதல் ஊட்டப் பெட்டகம் உட்பட 18,000 ரூபாய். பதிவு எண் இல்லாமல் அதில் ஒரு காசும் வராது. தாய்வீட்டுக்குப் போகும்போது அட்டையும் ஸ்கேன் தாளும் கூடவே போக வேண்டும். வளையலை மறக்காமல் எடுத்துப்போய் அட்டையை மாமியார் வீட்டுப் பெட்டியில் விட்டுவருகிறார்கள். வலி வந்த ராத்திரியில் புது இடத்து நர்ஸுக்கு ரத்த வகைகூடத் தெரிவதில்லை. மாதந்தோறும் 9-ம் தேதி சர்க்கார் நிலையங்களில் டாக்டரே கர்ப்பிணிகளைப் பார்க்க வேண்டும் என்பது 2016 முதல் உள்ள ஏற்பாடு. அன்றைய அரை நாள் கூலி போனாலும் போக வேண்டும்.

எந்தக் கட்டிடத்தில் பெறுவது என்பதைக் கௌரவத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. உடம்பின் நிலையை வைத்து முடிவு செய்ய வேண்டும். பிரஷர், சுகர் சரியாக இருந்து, ரத்தம் 11-க்கு மேல் இருந்து, குழந்தை தலை திரும்பியிருந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையமோ ஆலங்குளம் சர்க்கார் ஆஸ்பத்திரியோ போதும். முன்பு சிசேரியன் ஆனவள், பிரஷர் உள்ளவள், இரட்டைப் பிள்ளை சுமப்பவள், ரத்தசோகை முற்றியவள் ஆகியோர் அறுவை வசதியும் ரத்தமும் உள்ள இடத்துக்கு முன்கூட்டியே போய்விட வேண்டும். மேற்கே தென்காசி தலைமை ஆஸ்பத்திரி, கிழக்கே நெல்லை மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி. வலி வந்த பிறகு வண்டி தேடுவதைவிட ஒரு வாரம் முன்னால் போய்ப் படுப்பது மேல். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ரத்தசோகை என்பது அதே 2019-21 ஆய்வின் கணக்கு. புகையிலைத் தூளை நாள் முழுக்க மூச்சிலும் தோலிலும் ஏற்றிக்கொள்கிறவளுக்குக் கவனம் இன்னும் அதிகம் வேண்டும். பிரைவேட்டுக்குத்தான் போவோம் என்கிறவர்களும் இரண்டு கேள்வி கேட்டுவிட்டுப் போகட்டும்: ராத்திரியில் மயக்க டாக்டர் இருப்பாரா? ரத்தம் வேண்டுமானால் எங்கிருந்து வரும்?

சர்க்கார் ஆஸ்பத்திரியில் குறையே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. வலியில் கத்துகிறவளை ஏசுகிறார்கள். ஆண் குழந்தைக்கு இவ்வளவு, பெண் குழந்தைக்கு இவ்வளவு என்று வார்டில் கை நீட்டுகிற இடங்களும் உண்டு. இதை நாம் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. பெயரோடு புகார் எழுதுங்கள். ஆனால் அந்த வார்டைக் கூட்டுகிறவள் காண்டிராக்டரிடம் அற்பக் கூலிக்கு நிற்கிறாள் என்பதையும், தொகுப்பூதியத்தில் வேலை பார்க்கும் நர்ஸ்கள் நிரந்தரம் கேட்டு ஆண்டுக்கணக்காகப் போராடுகிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். ஒரு நர்ஸ் நாலு கட்டிலுக்கு ஓடும்போது பொறுமை எங்கிருந்து வரும்? அவர்களுடைய கோரிக்கை பிரசவிக்கிற நம் பெண்களின் கோரிக்கையும்கூட.

ஆஸ்பத்திரி இலவசமானாலும் பெற்றவள் வீட்டில் இருக்கும் நாட்களுக்குக் கூலி யார் கொடுப்பது? ஆலைத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறது. பெண் தொழிலாளிக்கு 26 வாரம் சம்பளம் உண்டு. தொழிலாளியின் மனைவிக்கு வைத்தியமும் உண்டு. விவசாயத் தொழிலாளிப் பெண்ணுக்கு அந்த 18,000-ஐத் தவிர வேறில்லை. பண்ணைக்காரரிடம் பிரசவ லீவு கேட்டால் சிரிப்பார். இது வெட்கக்கேடு.

பீடித் தொழிலாளிக்கு உரிமை வந்தது 1966-ல். 1961 மகப்பேறு சட்டம் வீட்டிலிருந்து சுற்றுகிறவளுக்கும் பொருந்தும் என்று அந்த ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அதிலும் ஓர் ஓரவஞ்சனை: வைத்தியப் படியையும், கர்ப்பத்தால் வரும் நோய்க்கான லீவையும் வீட்டுத் தொழிலாளிக்கு இல்லாமல் வெட்டிவிட்டார்கள். 2017-ல் முதல் இரண்டு பிரசவத்துக்கு லீவு 26 வாரம் ஆயிற்று. அதே ஆண்டு ஜி.எஸ்.டி. வந்தபோது பீடித் தொழிலாளர் நலநிதிக்கு ஊற்றாக இருந்த வரியை எடுத்துவிட்டார்கள். 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டங்களின் இடத்தில் தொகுப்புச் சட்டங்கள் அமுலாகிவிட்டன. 26 வாரம் அவற்றிலும் இருக்கிறது. வீட்டுத் தொழிலாளிக்கு 1966-ல் கிடைத்த இடம் ஓர் அங்குலம்கூடக் குறையக் கூடாது என்பதைச் சர்க்கார் எழுத்து மூலம் உறுதிசெய்ய வேண்டும். வெட்டிய இரண்டையும் திருப்பித் தர வேண்டும்.

சட்டத்தில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. பிரசவத்துக்கு முந்திய நாட்களுக்கான பணத்தைக் கர்ப்பச் சான்றிதழ் கொடுத்ததும் முன்கூட்டியே தர வேண்டும்; மீதியைக் குழந்தை பிறந்த சான்று கொடுத்த 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும். இது ஒழுங்காகக் கைக்கு வந்தால் எத்தனை வீடுகளில் அடகுக்கடைக்குப் போகும் நகை பெட்டியிலேயே இருக்கும்!

ஏன் வருவதில்லை? காண்டிராக்டர் தருவதில்லை என்பது பாதி. மீதி பாதி நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பாஸ்புத்தகம் மாமியார் பேரில், சுற்றுகிறவள் மருமகள். அல்லது ஒரு பாஸ்புத்தகத்தில் மூன்று பேர் உழைப்பு. கம்பெனிக் கணக்கில் அவள் தொழிலாளியே இல்லை என்றால் எந்த அதிகாரி அவளுக்குப் பிரசவப் பணம் தருவான்? ஆலங்குளம் வட்டாரத்துச் சங்கக் கிளைகள் தெருத் தெருவாகப் போய், யார் சுற்றுகிறார்கள், பாஸ்புத்தகம் யார் பேரில் என்று எழுதி எடுக்க வேண்டும். கல்யாணமாகி வந்த பெண்ணுக்கு அவள் பேரிலேயே தனிப் பாஸ்புத்தகம் கேட்டு, பீடிக்கடையில் மனுக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்க வேண்டும். பிரசவத்துக்கு முந்திய பன்னிரண்டு மாதத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் கணக்கு அவள் பேர் பதிந்த நாளிலிருந்துதான் ஓடும்.