முதற்சொல் தந்தவர் யார்?

புதுவையிலிருந்து காரைக்காலுக்குப் பேருந்தில் செல்வோர் சிதம்பரத்தையும் சீர்காழியையும் கடந்துதான் போகிறோம். சிதம்பரம் என்றதும் ஆடவல்லான் நினைவுக்கு வருகிறான். சீர்காழி என்றதும் ஞானசம்பந்தர். பாட்டுக் கேட்கும் பழக்கமுள்ளோர்க்குக் கோவிந்தராசனின் வெண்கலக் குரல். இவ்விரண்டு ஊர்களையும் தம் பாட்டால் இணைத்த முத்துத் தாண்டவரை நினைப்பவர் பேருந்தில் ஒருவரேனும் இருப்பாரா? ஐயமே!

பதினாறாம் நூற்றாண்டினர் என்று பெரும்பாலோர் கருதும் இவர், சீர்காழிக் கோயிலில் நாகசுரப் பணி செய்த இசை வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். உடலில் நோய் கண்டது. குலத்தொழிலான வாத்தியத்தைக் கையில் எடுக்க இயலவில்லை. வீட்டாரின் வெறுப்புக்கும் ஆளானார். ஒருநாள் கோயிலுக்குள்ளேயே பசியோடு உறங்கிவிட, அம்பிகை குருக்களின் மகள் வடிவில் வந்து உணவளித்து, "தில்லைக்குப் போ, அங்கே நாள்தோறும் உன் காதில் விழும் முதற்சொல்லை வைத்துப் பாடு" என்றாளாம். நோய் நீங்கியது, பாட்டும் பிறந்தது. இது வழிவழியாகச் சொல்லப்படும் கதை.

இயற்பியல் மாணவனாகிய நான் இக்கதையில் எதை நம்புவது? அம்பிகை வந்ததை ஆராயும் கருவி எங்கள் ஆய்வுக்கூடத்தில் இல்லை. ஆனால் அந்த 'முதற்சொல்' என்னை விடவில்லை. கோயில் கூட்டத்தில் முதலில் காதில் விழும் சொல் யாருடையது? வழிநடை வந்த உழவனுடையதாக இருக்கலாம். பிள்ளையை இடுப்பில் சுமந்த தாயுடையதாக இருக்கலாம். பேர் தெரியாத அந்த மக்கள் எடுத்துக் கொடுக்க, இவர் பாட்டைத் தொடங்கியிருக்கிறார்! கதையை ஆக்கியவர்கள் எல்லாப் பெருமையையும் அற்புதத்துக்கே கொடுத்துவிட்டார்கள். நாள் ஒன்றுக்கு ஒரு பாட்டு என்று உழைத்த மனிதர் அதனுள் மறைந்துபோனார். குடும்பத் தொழிலைத் தொடர முடியாமல் வேறொன்றைப் பற்றிக்கொண்டு எழுந்தவர் அவர். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய எனக்கு, இந்தப் பகுதிதான் அற்புதமாகத் தோன்றுகிறது.

பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று இன்று எந்தக் கச்சேரியிலும் கேட்கிறோமே, அந்த வடிவில் தமிழில் முதலில் பாடியவர்களுள் இவர் தலையாயவர். சியாமா சாஸ்திரி (1762–1827), தியாகராசர் (1767–1847), தீட்சிதர் ஆகிய மும்மூர்த்திகள் பிறப்பதற்கு ஏறக்குறைய இரு நூற்றாண்டுகள் முன்னரே! இதைச் சொன்னால் சிலர் மொழிச் சண்டை என்பர். தியாகராசரின் பெருமையைக் குறைக்க நான் வரவில்லை. அவர் பாட்டைக் கேட்டு உருகாதவன் மனிதனா? கட்டடத்தைப் புகழும்போது கடைக்கால் இட்டவனையும் கேட்கிறேன், அவ்வளவே.

அதே நூற்றாண்டில் இத்தாலியில் பாலெஸ்ட்ரினா என்னும் இசைமேதை கிறித்தவத் திருச்சபைக்காகப் பாடல்கள் அமைத்தார். (பாலெஸ்ட்ரினா என்பது அவர் ஊரின் பெயர், நம் 'சீர்காழி'யைப் போலவே!) 1594-இல் மறைந்த அவருடைய பூசைப் பாடல் தொகுதிகள் நூற்றுக்கு மேற்பட்டவை இன்றும் கிடைக்கின்றன. முதல் நூல் 1554-இலேயே உரோமில் அச்சாகிவிட்டது. எந்தக் குரல் எந்தச் சுரத்தில் நிற்கவேண்டும் என்பது வரை தாளில் இருப்பதால், இன்றைய பாடகர் குழுவும் அதை அப்படியே பாடுகிறது.

நம்மவர்க்கு? அறுபது கீர்த்தனைகளும் சில பதங்களும் மிஞ்சின. வாழ்நாளெல்லாம் பாடியவருக்கு அறுபது! திருப்பதியில் அன்னமாச்சாரியார் பாடல்களைச் செப்பேட்டில் வெட்டி வைத்தார்கள். 1922-இல் கண்டெடுத்தபோது ஆயிரக்கணக்கில் இருந்தன. ஆனால் அங்கும் இராகப் பெயர் கிடைத்ததே தவிர மெட்டு கிடைக்கவில்லை. முத்துத் தாண்டவருக்கோ செப்பேடும் இல்லை. ஓலையிலும் ஓதுவோர், ஆடுவோர் நாவிலும் தங்கிய அளவே தங்கியது. இன்று நாம் கேட்கும் மெட்டுகள் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டில் பிறர் அமைத்தவை. ஆந்தோளிகாவில் 'சேவிக்க வேண்டுமையா' பாடலைக் கேட்டு மகிழும்போதெல்லாம், அவர் இதை எப்படிப் பாடியிருப்பார் என்ற ஏக்கம் எழாமல் இல்லை.

அறிந்த பாடல்களையாவது பாடினோமா? தமிழ்நாட்டு வித்துவான்கள் பொருள் தெரியாத சில பாட்டுகளையே திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள் என்று பாரதி வருந்தி எழுதினார். பிறகு அண்ணாமலை அரசர் முயன்றார். 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் எழுந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சுரக் குறிப்போடு நூல்கள் வெளியிட்டது. சீர்காழியில் தமிழிசை மூவருக்கு மணிமண்டபமும் கட்டியாயிற்று. மண்டபம் பாடுமா, நண்பர்களே?

நம் கல்லூரி விழாவில் தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்த மறுநொடி திரைப்பாடல் தொடங்கிவிடுகிறது. அதை நிறுத்தச் சொல்லவில்லை, நானும் கைதட்டுகிறவன்தான். அடுத்த ஆண்டு இசைப் போட்டியில் முத்துத் தாண்டவர் பாடல் ஒன்றைக் கட்டாயப் பாடலாக வைக்கும்படி தமிழ் மன்றத்தையும் பேராசிரியப் பெருமக்களையும் கேட்டுக்கொள்கிறேன். சுரக் குறிப்பு படிக்கத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். நாகசுரமும் தவிலும் வாசிக்கும் வீட்டுப் பிள்ளைகள் நம் வகுப்புகளிலும் இருப்பார்கள். அவர்களை முன்வரிசைக்கு அழைத்துக் கேட்போம்.