விளையாட்டுக்குப் புள்ளியிடுவோர்

எனது மருமகன் ஒரு வீடியோ விளையாட்டுக்கு எழுதப்பட்ட விமர்சனத்தை அண்மையில் என்னிடம் காட்டினான். "மாமா, நீங்கள் இத்தனை வருடம் பத்திரிகையில் இருந்தவர்தானே. இது பக்கச்சார்பாக எழுதினதா இல்லையா எண்டு சொல்லுங்கோ" என்றான். பத்துக்கு ஏழு புள்ளி கொடுக்கப்பட்டிருந்தது. அவனது கணக்கில் அது ஒன்பது பெற்றிருக்க வேண்டியது. விமர்சகர் சொந்த விருப்பு வெறுப்பை நுழைத்துவிட்டார், புறவயமாக எழுதவில்லை என்பதே அவனது முறைப்பாடு.

நான் விளையாடுபவனல்லன். ஆயினும் நாடகத்துக்கும் திரைப்படத்துக்கும் விமர்சனம் எழுதியவன். பிறர் எழுதியவற்றைச் செப்பனிட்டவன். அந்த உரிமையில் சிலவற்றைச் சொல்லலாமென நினைக்கிறேன்.

ஒரு விளையாட்டில் அளக்கக்கூடியவை உண்டு. படம் தடங்கலின்றி ஓடுகிறதா, இடையில் உறைந்து நிற்கிறதா, சேமித்து வைத்த ஆட்டம் அழிந்துபோகிறதா என்பனவெல்லாம் எவரும் சரிபார்க்கக்கூடிய தகவல்கள். இவற்றிலே தவறிழைப்பவர் செய்தியிலே தவறிழைத்த நிருபருக்கு ஒப்பானவர். ஆனால் அளந்து முடித்த பின்னர்தான் விமர்சனம் ஆரம்பமாகிறது. முற்றிலும் புறவயமான விமர்சனம் வேண்டுமென வாசகர்கள் நச்சரித்தபோது, டெஸ்ட்ரக்டொயிட் என்ற தளம் 'பைனல் பான்ரசி 13' விளையாட்டுக்கு அப்படியொன்றைக் கிண்டலாகவே எழுதி வெளியிட்டது. கருத்து எதுவும் கூறாது, விளையாட்டில் உள்ளவற்றை வெறுமனே ஒப்புவித்த கட்டுரை அது. எவருக்கும் எப்பயனும் இல்லை.

திரைப்படத்தை விட இங்கே சிக்கல் அதிகம். திரையரங்கில் முன்வரிசையிலும் பின்வரிசையிலும் இருப்பவர்கள் ஒரே படத்தைத்தான் பார்க்கிறார்கள். விளையாட்டிலோ ஒருவர் முதல் மணித்தியாலத்திலேயே கடந்துவிடும் கட்டத்தில் இன்னொருவர் இரவு முழுவதும் செத்துச் செத்துப் பிழைக்கிறார். இருவரும் ஆடியது ஒரே ஆட்டம்தானா? ஜப்பானின் பமிற்சு சஞ்சிகை நான்கு பேரைத் தனித்தனியே பத்துக்குப் புள்ளியிடச் செய்து நாற்பதுக்குக் கூட்டியது. நால்வரின் கருத்து நான்காக இருக்கக்கூடும் என்பதை ஒப்புக்கொண்ட முறை அது.

ஆகவே மருமகன் கேட்கும் புறவயம் கிடைக்கப்போவதில்லை. கேட்கவேண்டியது வேறு. அதற்குப் பெயர் சுயாதீனம்.

2007 நவெம்பரில் நடந்ததை இத்துறையினர் இன்னும் மறக்கவில்லை. கேம்ஸ்பொட் தளத்தின் மூத்த ஆசிரியர் ஜெவ் கேர்ஸ்ற்மன் 'கேன் அன்ட் லின்ச்' விளையாட்டுக்குப் பத்துக்கு ஆறு கொடுத்தார். அவ்வேளை அதே தளத்தில் அதே விளையாட்டின் விளம்பரங்கள் நிறைந்திருந்தன. அம்மாத இறுதியில் அவர் பதவி நீக்கப்பட்டார். விளம்பரதாரரின் அழுத்தம் காரணமல்ல என்றது நிர்வாகம். அவரோ வாய்திறக்கவில்லை; ஒப்பந்தம் தடுத்திருந்தது. அவர் பின்னர் தொடங்கிய தளத்தை 2012இல் கேம்ஸ்பொட்டின் உரிமையாளர்களே வாங்கியபோதுதான் அத்தடை நீங்கியது. குறைந்த புள்ளிகளால் விளம்பரதாரர்கள் கொடுத்த நெருக்கடியே காரணமென அப்போது பகிரங்கமாகக் கூறினார்.

இதை வாசித்தபோது எனக்குப் பழைய நினைவொன்று வந்தது. இளம் வயதில் ஒரு திரைப்படத்துக்கு எழுதிய விமர்சனத்தில் இரண்டு பந்திகள் கடுமையாக இருந்தன. அப்படத்தின் அரைப்பக்க விளம்பரம் மறுநாள் பத்திரிகைக்கு வந்திருந்தது. விளம்பரப் பிரிவிலிருந்து ஒருவர் ஆசிரிய பீடத்துக்கு வந்து போனார். காலையில் பத்திரிகையைப் பிரித்தபோது அவ்விரு பந்திகளும் இல்லை. நான் சண்டை பிடிக்கவில்லை. சம்பளத் தினத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. எஞ்சியதை வாசித்த நண்பர்கள் "நல்ல நடுநிலையாக எழுதியிருக்கிறாய்" என்று பாராட்டினார்கள்.

புள்ளிகளைப் பற்றியும் சொல்லவேண்டும். பல விமர்சகர்களின் புள்ளிகளை மெற்றாகிரிற்றிக் தளம் ஒன்றுசேர்த்துச் சராசரி எடுக்கிறது. யாருடைய கருத்துக்கு எவ்வளவு நிறை என்பதை அது வெளியிடுவதில்லை. 2010இல் வெளிவந்த 'போல்அவுட்: நியூ வேகாஸ்' விளையாட்டை உருவாக்கிய ஒப்சிடியன் நிறுவனத்துக்கு, சராசரி 85ஐ எட்டினால் மேலதிகக் கொடுப்பனவு உண்டென ஒப்பந்தம் இருந்ததாம். கிடைத்ததோ 84. நிறுவனத்தின் கிறிஸ் அவலோன் 2012இல் இதை வெளிப்படுத்தினார். யாரோ ஒருவர் தம் இரசனைப்படி இட்ட எட்டோ ஒன்பதோ, கூட்டிப் பெருக்கப்பட்டதும் நிறுவைத் தராசின் முள் போலாகிவிடுகிறது.

நேர்மையான விமர்சகரையும் ஏமாற்றலாம். 2020 டிசெம்பரில் 'சைபர்பங்க் 2077' வெளியாகுமுன்னர் விமர்சகர்களுக்குக் கணினிக்கான பதிப்பு மட்டுமே வழங்கப்பட்டது. தாம் பதிவுசெய்த காட்சிகளைக் காட்டவும் முதலில் அனுமதியில்லை. பலர் மனமாரப் புகழ்ந்தார்கள். வெளியான பின்னரே பிளேஸ்டேசன் 4இல் அது எவ்வளவு பழுதானது என்பது வாங்கியவர்களுக்குத் தெரிந்தது. ஒரு வாரத்தில் சொனி அதைத் தனது இணையக் கடையிலிருந்து அகற்றியது. 2021 ஜூனில்தான் மீண்டும் சேர்த்தது. அந்நாளில் புகழ்ந்தவர்கள் பொய் எழுதவில்லை. ஆனால் "நான் கணினியில் மட்டுமே ஆடினேன்" என்பதைத் தலைப்பிலேயே எழுதியவர் வாசகருக்குச் செய்த உதவி, எந்தப் புறவயத்தையும் விடப் பெரிது. எந்த இயந்திரம், எத்தனை மணித்தியாலம், பிரதியைத் தந்தவர் யார் ஆகிய மூன்றையும் கட்டுரையின் உச்சியில் பார்க்கவே நான் விரும்புவேன்.

மருமகனுக்கு இவ்வளவும் சொன்னேன். அரைவாசி கேட்டிருப்பான். பின்னர் அவனே ஒரு விடயம் சொன்னான். அந்த ஏழு கொடுத்த விமர்சகரைப் பல வருடங்களாக வாசிக்கிறானாம். அவர் "மிகவும் நீளம், அலுப்பு" என்று எழுதிய விளையாட்டுகள் எல்லாம் தனக்குப் பிடித்தவையாகவே இருந்தனவாம். இதையும் அவர் அப்படித்தான் எழுதியிருக்கிறார் என்று சொல்லிக்கொண்டே, அதனை வாங்குவதற்குத் தாயாரிடம் காசு கேட்கப் போனான்.