எந்த மாநிலம் நல்ல மாநிலம்?



"சாமி, கேரளத்தில் கூலி கூடுதலாமே, குடும்பத்தோடு அங்கேயே சென்றுவிட்டால் என்ன?" கொல்லிமலை அடிவாரத்திலுள்ள புளியஞ்சோலைப் பக்கம் இக்கேள்வி அடிக்கடி நம் செவிக்கு எட்டுகிறது. கேட்போர் பேராசைக்காரர் அல்லர். பிள்ளைகளின் பசியையும் கடன்காரரின் முகத்தையும் நாளும் காண்பவர்கள். ஆகவே இதனைப் பொறுமையுடன் ஆராய்தல் நம் கடமை.

கூலியைப் பற்றி அவர்கள் கேள்வியுற்றது மெய்யே. 2022-23ஆம் ஆண்டில் கிராமப்புறக் கட்டடத் தொழிலாளியின் சராசரி நாட்கூலி கேரளத்தில் ஏறத்தாழ 852 ரூபாய். தமிழ்நாட்டில் 501 ரூபாய். ஆனால் கூலி என்பது வாழ்வின் ஒரு பகுதியே. 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி, பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுள் ஓராண்டு நிறையுமுன் இறப்போர் கேரளத்தில் 6 பேர். தமிழ்நாட்டில் 13 பேர். நாடு முழுவதற்கும் 28 பேர். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு பெற்றோர் கேரளத்தில் நூற்றுக்கு 94, நம்மிடத்தில் 80. இவற்றில் அண்டை மாநிலம் முந்துகிறது. உயர்கல்வியிலோ நாம் முந்துகிறோம்: 2021-22இல் கல்லூரிச் சேர்க்கை விகிதம் இங்கே நூற்றுக்கு 47, அங்கே 41. வேறொரு கணக்கு இரு மாநிலங்களையும் தலைகுனியச் செய்கிறது. 2022இல் இலட்சம் பேருக்குத் தற்கொலையால் மாண்டோர் கேரளத்தில் 28.5, தமிழ்நாட்டில் 25.9. நாட்டின் சராசரி 12.4 மட்டுமே. பள்ளியும் மருத்துவமனையும் பெருகிய இடத்திலும் மனத்துயரைக் கேட்கச் செவியில்லை என்பதை இது காட்டவில்லையா?

இரு மாநிலங்களும் பிற பலவற்றை விட முன்னேறியது எவ்வாறு? காரணங்கள் பல, அவற்றுள் ஒன்று நம் இல்லங்களுக்கு நன்கு அறிமுகமானது. கேரளத்தில் புனித குரியாக்கோஸ் எலியாஸ் சாவரா 1846இல் மன்னானத்தில் பள்ளி நிறுவினார். 1864இல், குருகுல முதல்வராக இருந்தபோது, ஒவ்வொரு கோவிலின் அருகிலும் பள்ளி எழ வேண்டுமெனப் பணித்தார். ஏழைப் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவளிக்க வீடுதோறும் பிடியரிசி எடுத்துவைக்கச் சொன்னார். தமிழ்நாட்டில் காமராசர் 1956இல் பள்ளி மதிய உணவைத் தொடங்கினார், 1982இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022இல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வந்தது. பசித்த பிள்ளைக்கு எழுத்து ஏறாது என்பதை இரு நாட்டாரும் உணர்ந்தனர். ஒரு பிடி அரிசி தலைமுறைகளை மாற்றிற்று.

எனினும் சராசரிக் கணக்கு ஏழையின் குடிசையை மறைத்துவிடக்கூடும். குழந்தைகளைக் காப்பதில் முதன்மை பெற்ற அதே கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியில், 2013இல் பழங்குடிக் குழந்தைகள் பலர் மடிந்தனர். தாய்மாரின் ஊட்டக்குறைவே பெருங்காரணமாகக் கூறப்பட்டது. நம் பக்கமும் பாருங்கள். புளியஞ்சோலை திருச்சிராப்பள்ளி மாவட்டம். மேலே கொல்லிமலை நாமக்கல் மாவட்டம். அங்கு வாழும் பழங்குடியினர் 'மலையாளி' எனப்படுகின்றனர். கேரளத்தார் அல்லர், தமிழ் பேசும் மலைவாழ் மக்கள். காரவள்ளியிலிருந்து ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். பேறுகால வலியெடுத்த தாயை அவ்வழியே இறக்கிக் கொண்டுவரும் குடும்பத்துக்கு, மாநிலத்தின் சராசரி என்ன ஆறுதல் தரும்?

திருத்தந்தை ஆறாம் பவுல் 1967இல் வெளியிட்ட 'மக்கள் முன்னேற்றம்' என்னும் சுற்றுமடலில், பொருள் வளர்ச்சி மட்டுமே முன்னேற்றமாகாது, மனிதர் ஒவ்வொருவரும் முழுமையாக உயர வேண்டும் என்று கற்பித்தார். மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில், மிகச் சிறியோருக்குச் செய்ததையே தமக்குச் செய்ததாக ஆண்டவர் கணக்கிடுகிறார். மாநிலத்தையும் பங்கையும் நாம் அளக்க வேண்டிய கோல் இதுவே: கடையருக்கு அங்கே என்ன நேர்கிறது?

ஆகவே புறப்பட எண்ணும் குடும்பத்தார் கூலியோடு இம்மூன்றையும் எண்ணிப் பாருங்கள். முதலாவது, பிள்ளையின் படிப்பு. ஆண்டின் நடுவில் அழைத்துச் சென்றால், பெரும்பாலும் மலையாளத்தில் நடக்கும் வகுப்பில் அவன் ஊமையாய் அமர நேரிடும். பின்னர் படிப்பே நின்றுபோகும். இரண்டாவது, வீட்டில் விடப்படும் முதியோர். அவர்களுக்கு மருந்து வாங்கித் தருபவர் யார்? மூன்றாவது, அயலூரில் நோயோ துயரோ வந்தால் மனம் திறந்து பேச யார் உளர்? இவற்றுக்கு விடை கண்டபின் செல்வது குற்றமன்று. உழைப்பைத் தேடிச் செல்வது மானமுள்ள செயலே. செல்லுமுன் பங்குக்குத் தெரிவியுங்கள். அவ்வூர்ப் பங்குக் குருவுக்கு மடல் தருவோம்.

இங்கேயே இருப்போருக்கும் ஒரு கடமை உண்டு. பெற்றோர் வெளியூரில் உழைக்கும் காலத்தில் அவர்களுடைய பிள்ளை அண்டை வீட்டில் உண்டு, படித்து, பள்ளிக்குச் செல்லட்டும். பிடியரிசிக் கலயத்தை மீண்டும் அடுப்பங்கரையில் வையுங்கள். உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துவையுங்கள். ஞாயிறுதோறும் கோவிலுக்குக் கொண்டு வாருங்கள். அவ்வரிசி எந்த வீட்டுக்குத் தேவை என்பதை அன்பியத்தார் அறிவர்.

இறையன்னை மரியாள் உங்கள் இல்லங்களைக் காப்பாராக!