‘இல்லாவிட்டால்’ எந்தப் பக்கம்?

நவம்பர் வந்துவிட்டது. பென்ஷன்காரர்களாகிய நாம் உயிரோடு இருக்கிறோம் என்று நிரூபிக்க வேண்டிய மாதம். எண்பது வயதானவர்களுக்கு அக்டோபர் முதல் தேதியே தொடங்கிவிடும். நம் ஊர் சொல்தாக்கள் ‘செர்த்திஃபிக்கா த வீ’ என்பார்களே, அதேதான்.

2014-இல் மத்திய அரசு ‘ஜீவன் பிரமான்’ கொண்டுவந்தது. விரலை வைத்தால் ஆதாரோடு ஒப்பிட்டுக் கணினியே சான்று கொடுத்துவிடும். நல்ல ஏற்பாடு. எனக்குக் கணினியோடு சண்டை இல்லை. இந்த மாதிரி தானாக நடக்கும் வேலைகளுக்கு வழி வரைந்து கொடுப்பவர்களோடுதான் சண்டை.

அவர்கள் முதலில் ஒரு படம் போடுகிறார்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குக் கட்டம் ஓர் அம்பு, அம்பின்மேல் ஒரு நிபந்தனை. ரேகை பொருந்தினால் இந்தப் பக்கம். பொருந்தாவிட்டால் அந்தப் பக்கம். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு அந்த ‘இல்லாவிட்டால்’ ஒரே சொல்: ‘சினோன்’.

அந்த ‘சினோன்’ அம்பு எங்கே போகிறது? ‘மீண்டும் முயலவும்’. அதாவது, புறப்பட்ட இடத்துக்கே. எங்கள் தெருவில் ஒரு பெரியவர், முப்பது வருடம் சுண்ணாம்பிலும் சிமெண்டிலும் கை வைத்த அரசாங்கக் கொத்தனார். விரலில் ரேகை தேய்ந்துபோனது. ஒரு சேவை மையத்தில் நான்கு தடவை விரலை வைத்தார். “மிஷின் எடுக்கல தாத்தா, நாளைக்கு வாங்க” என்றான் பையன். நாளைக்குள் ரேகை முளைத்துவிடுமா?

பழைய கோப்பிலும் நிபந்தனை உண்டு. விதிக்குள் வந்தால் அனுமதி. வராவிட்டால் கோப்பு மேலே போகும். கண்காணிப்பாளர் ஓரத்தில் ‘பிளீஸ் ஸ்பீக்’ என்று எழுதுவார். நாங்கள் போய் நின்று விளக்குவோம். தாமதம் இருந்தது, சில மேசைகளில் கையூட்டும் இருந்தது. மறைக்கவில்லை. ஆனால் ‘இல்லாவிட்டால்’ போய் முடிகிற இடத்தில் நாற்காலியில் ஓர் ஆள் இருந்தார்.

இதைவிட மோசம் இன்னோர் அம்பு. சான்று வராவிட்டால் பென்ஷன் நிறுத்தம். இறந்தவரிடமிருந்தும் சான்று வராது. ரேகை தேய்ந்தவரிடமிருந்தும் வராது. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரிடமிருந்தும் வராது. மூவருக்கும் ஒரே வழியா? ‘இல்லை’ என்பது வேறு, ‘தெரியவில்லை’ என்பது வேறு. இந்த வித்தியாசம் எங்கள் காலத்துக் கடைநிலை ஊழியருக்கே தெரியும்.

வழி வரையும் தம்பிகளே, ‘தெரியவில்லை’ என்பதற்குத் தனி அம்பு போடுங்கள். அது போய்ச் சேரும் இடத்தில் பதில் சொல்லக்கூடிய ஒரு மனிதரை உட்கார வையுங்கள். எல்லாம் சரியாக இருப்பவனுக்கு வழி காட்ட உங்கள் படமே தேவையில்லை.

நண்பர்களுக்கு ஒன்று. மிஷின் விரலை எடுக்காவிட்டால் பேசாமல் வீடு திரும்பாதீர்கள். 2021 முதல் முகத்தைக் காட்டியும் சான்று பெறலாம். பென்ஷன் வாங்கும் வங்கியில் நேரில் போய் நின்றால் காகிதச் சான்றும் இன்றைக்கும் செல்லும். கேட்டு வாங்குங்கள்.