ஏரிக்கு எதற்கு மேக்கப்?

ஊட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்குகிற ஒவ்வொருவரும் ஏரிக்குள்தான் இறங்குகிறார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கோயமுத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820-களில் மலை ஓடைகளை மறித்து உருவாக்கிய ஏரி, இன்றைய பஸ் ஸ்டாண்ட், ரேஸ் கோர்ஸ், லேக் பார்க் வரைக்கும் பரந்து கிடந்தது. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் படகில்தான் போவார்களாம். இப்போது மிச்சம் இருப்பது சுமார் 65 ஏக்கர். இந்தப் புண்ணியத்தை நாம் மட்டும் கட்டிக்கொள்ளவில்லை. ஏரியை மூடிக் குதிரை ஓட்ட ஆரம்பித்தவன் வெள்ளைக்காரன். மற்றதை நாம் பார்த்துக்கொண்டோம்.

இந்தப் பழங்கதையை இப்போது எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2024 ஜூலையில் அந்த ரேஸ் கோர்ஸ் நிலம் 52 ஏக்கரை அரசு கையகப்படுத்தியது. குத்தகை பாக்கி 822 கோடி ரூபாய் என்று கணக்குச் சொன்னார்கள். (நாம் ஒரு தடவை கரன்ட் பில் கட்ட மறந்தால் ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்கள். குதிரைகளுக்கு மட்டும் இத்தனை பொறுமை!) அந்த இடத்தில் ஈகோ பார்க் வரும் என்ற அறிவிப்பும் வந்தது.

எனக்குப் பயமே அந்த ‘ஈகோ பார்க்’கில்தான். நம் ஊரில் ஈகோ பார்க் என்றால் என்ன? முகப்பில் ஒரு ஆர்ச். உள்ளே சிமென்ட் காளான், ஃபைபர் மான், கலர் லைட், ‘ஐ லவ்’ என்று ஆரம்பிக்கிற ஆளுயர எழுத்துகள். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு டிக்கெட் கவுண்டர்.

ஊட்டிக்குப் பார்க் பஞ்சமா? 1840-களில் மெக்ஐவர் போட்ட தாவரவியல் பூங்கா இருக்கிறது, 55 ஏக்கர். 1995-ல் வந்த ரோஜா பூங்கா இருக்கிறது. இரண்டுக்கும் டிக்கெட். போட் ஹவுஸுக்குள் நுழையவே ஒரு டிக்கெட், படகு ஏற இன்னொன்று. வெளியூர்க்காரனுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை, கொடுத்துவிட்டுப் போவான். உள்ளூர்க்காரன் சாயங்காலம் பெண்டாட்டி பிள்ளைகளோடு தண்ணீர் ஓரமாக அரை மணி நேரம் சும்மா உட்கார வேண்டுமென்றால் எங்கே போவான்?

கமர்ஷியல் ரோடு பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கடைக்காரரிடம் கேட்டேன். “ஏரிப் பக்கம் கடைசியா எப்பண்ணே போனீங்க?”

சிரித்தார். “மச்சான் வீட்டு ஆளுங்க வந்தப்ப போனது. மூணு வருஷம் இருக்கும். ஏரி உங்களுக்கு சார். எங்களுக்கு அதோட நாத்தம் மட்டும்தான்.”

அந்த நாற்றம் எங்கிருந்து வருகிறது என்பது ஊருக்கே தெரியும். கோடப்பமந்து கால்வாய். மந்து என்றால் தோடர் குடியிருப்பு. ஒரு மந்தின் பெயரைத் தாங்கிக்கொண்டு தெளிந்து ஓடியிருக்க வேண்டிய ஓடை அது. இன்றைக்கு நகரத்தின் நடுவே ஓடி வந்து, வீடுகள், லாட்ஜுகள், ஹோட்டல்களின் கழிவையெல்லாம் வாரிக்கொண்டு நேராக ஏரியில் விழுகிறது. கூடவே சேறும் பிளாஸ்டிக்கும். சில வருஷத்துக்கு ஒரு தடவை தூர் வாருகிறார்கள். மறுபடி நிறைகிறது. மறுபடி வாருகிறார்கள். குழாயை மூடாமல் தரையைத் துடைக்கிற வேலை.

சரி, ஊட்டிக்காரர்கள் பாடு என்று மலையிறங்கி விடவும் முடியாது. இந்த ஏரி வழிந்தால் தண்ணீர் காமராஜ் சாகர் அணைப் பக்கம் போகிறது. அங்கிருந்து மாயாறு. மாயாறு போய்ச் சேருவது பவானிசாகர். அந்த அணையை நம்பித்தான் ஈரோட்டுப் பக்கம் மஞ்சளும் நெல்லும் விளைகின்றன. வழியில் எவ்வளவு கரைந்து போகிறது என்பது வேறு விஷயம். ஆனால் சீசனில் ரூம் போட்டு நாமெல்லாம் இழுத்துவிடுகிற ஃப்ளஷ் போகிற திசை அதுதான்.

நான் பி.காம். படித்தவன். படித்ததில் உருப்படியாக ஞாபகம் இருப்பது ஒன்றுதான். கேபிடல் எக்ஸ்பெண்டிச்சர், ரெவின்யூ எக்ஸ்பெண்டிச்சர். முன்னது ஒரு தடவை போடுகிற முதல். பின்னது தினம் ஆகிற செலவு. நம் அரசாங்கங்களுக்கு, எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, முன்னதில்தான் காதல். பூங்கா கட்டினால் கல்வெட்டு வைக்கலாம், ரிப்பன் வெட்டலாம். ‘இந்தக் கால்வாயை இன்றும் சுத்தம் செய்தோம்’ என்று எங்காவது கல்வெட்டு பார்த்திருக்கிறீர்களா? ஏரிக்கு ஒரு துறை, படகுக்கு ஒரு துறை, கால்வாய்க்கு நகராட்சி, பூங்காவுக்குத் தோட்டக்கலை. வரவு ஒருவர் பெயரில், செலவு இன்னொருவர் தலையில். எந்தப் பெட்டிக்கடையும் இந்த லட்சணத்தில் கணக்கு வைத்தால் ஆறு மாசத்தில் ஷட்டரை இறக்கிவிடும்.

படகு டிக்கெட்டில் ரூபாய்க்கு இத்தனை பைசா கோடப்பமந்து கால்வாய்க்கு என்று எழுதிவைத்தால் என்ன குறைந்துவிடும்? அந்தப் படகு மிதப்பதே அந்தத் தண்ணீரில்தானே!

கோவையைப் பாருங்கள். 2016-ல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் முதல் 20 நகரங்களில் ஒன்றாக இடம்பிடித்தது. உக்கடம் பெரியகுளத்துக் கரையில் நடைபாதை, விளக்கு, பெஞ்ச் எல்லாம் வந்தன. நான் குறை சொல்ல மாட்டேன். சாயங்காலமானால் பெண்கள் நிம்மதியாக நடக்கிறார்கள், குழந்தைகள் ஓடுகின்றன. நானே நடந்திருக்கிறேன். ஆனால் கரையிலிருந்து கண்ணைத் திருப்பிக் குளத்தைப் பார்த்தால், எத்தனை தடவை எடுத்தாலும் திரும்ப வந்து படர்கிற ஆகாயத்தாமரை. சாக்கடை இல்லாத தண்ணீரில் அது இவ்வளவு செழிக்காது. கரைக்கு நகை போட்டோம், குளத்துக்கு வைத்தியம் பார்க்கவில்லை.

கொடைக்கானலில் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் ரோடு. அந்த ஏரிக்கும் ஆயிரம் வியாதி உண்டு. ஆனாலும் யார் வேண்டுமானாலும் ஒரு சுற்று நடந்துவிட்டு வரலாம். நடப்பதற்கு டிக்கெட் கேட்பதில்லை.

இந்த 52 ஏக்கர் விஷயத்தில் நான் கேட்பது பெரிய ஆசை இல்லை. ஏரியாக இருந்த இடம் அது. தாழ்வான பகுதியைத் தண்ணீருக்கே விட்டுவிடுங்கள். சாக்கடையைத் தனியாகப் பிரித்துச் சுத்திகரிப்புக்கு அனுப்புங்கள். மிச்சத் தண்ணீர் கோரையும் நாணலும் வளர்ந்த சதுப்பில் தங்கி, வண்டலை இறக்கிவிட்டு ஏரிக்குப் போகட்டும். சிமென்ட்டே வேண்டாம். சுற்றி ஒரு மண் பாதை, மழைக்கு ஒதுங்க நாலு கூரை, சுத்தமான கழிப்பறை (பெண்களுக்குக் கட்டாயம்). கேட்டில் வாட்ச்மேன் இருக்கட்டும். கல்லாப்பெட்டி வேண்டாம்.

உடனே ஒருவர் எழுந்து, “டூரிசம்தான் சார் ஊருக்குச் சோறு போடுது, அந்த இடத்தை பார்க்கிங்குக்குக் கொடுத்தா பிரச்னை தீரும்” என்பார். மே மாசத்தில் சேரிங் கிராஸ் டிராஃபிக்கில் மாட்டியவன் யாரும் அப்படித்தான் சொல்வான். நானும் சொல்லியிருக்கிறேன், பெட்ரோல் முள் கீழே இறங்க இறங்க. ஆனால் ஹைகோர்ட் உத்தரவால் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது எதற்காக? இந்த மலை இதற்கு மேல் வண்டி தாங்காது என்ற கவலையில்தானே? ஒரு கையால் வண்டியை எண்ணிக்கொண்டு, இன்னொரு கையால் இன்னும் ஆயிரம் வண்டிக்கு இடம் போட்டுக் கொடுப்பது என்ன கணக்கு? அதோடு, டூரிஸ்ட் ஊட்டிக்கு வருவது குளிருக்கும் பச்சைக்கும் தண்ணீருக்கும். ஃபைபர் மான் சென்னையிலேயே கிடைக்கும்.

டெண்டர் விளம்பரங்களை நாம் யாரும் படிப்பதில்லை. இதை மட்டும் படியுங்கள். முதல் ஐட்டம் கால்வாயா, ஆர்ச்சா என்று பார்த்து எனக்கு ஒரு வரி எழுதிப்போடுங்கள். டீக்கடைக்காரருக்கு நான் தகவல் சொல்லிக்கொள்கிறேன்.