சின்டெரெல்லா யாருக்குச் சொந்தம்?
தூய்மைவாதிகளுக்கு ஒரு மறுப்பு

2020 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் ஹங்கேரி நாட்டின் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் பத்திரிகையாளரை அழைத்து, அவர்கள் கண்முன்னே ஒரு சிறுவர் கதைநூலின் தாள்களை ஒவ்வொன்றாகக் கிழித்து, கடதாசிகளைத் துண்டாக்கும் இயந்திரத்தினுள் இட்டார். ‘தேவதை நாடு எல்லோருக்கும் உரியது’ எனப் பொருள்படும் தலைப்பைக் கொண்ட அந்நூல் பழைய கதைகளைப் புதுக்கிக் கூறும் ஒரு தொகுப்பாகும். வறியோரும் றோமா இனத்தவரும் அக்கதைகளில் இடம்பெற்றனர். தம் பாலினரையே காதலிப்போரும் இடம்பெற்றனர். இயந்திரத்தின் வாய்க்கு இரையாகும் அளவுக்கு அந்நூல் செய்த குற்றம் இறுதியாகக் கூறியதே. அடுத்த ஆண்டில் அந்நாட்டு அரசு சட்டமே இயற்றியது. அத்தகைய நூல்கள் உறையிட்டு மூடியே விற்கப்படவேண்டும் எனவும், பாடசாலைக்கும் தேவாலயத்துக்கும் 200 மீற்றர் தொலைவுக்குள் விற்கப்படலாகாது எனவும் 2021 ஓகஸ்ட் மாதத்தில் ஆணை பிறந்தது.

இது எங்கோ ஒரு மூலையில் நிகழ்ந்த மூர்க்கத்தனம் எனக் கூறி ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் இயந்திரத்தைக் கையாளாதவர்களும் அதே நியாயங்களையே கூறிவருகின்றனர். பழங்கதைகளை இவ்வாறு மாற்றுவது மரபைக் களங்கப்படுத்துவது என்பது ஒரு வாதம். இளைஞர் மனத்தைக் கெடுப்பது என்பது மற்றொரு வாதம். உழைக்கும் மக்களின் பிரச்சினைகளிலிருந்து கவனத்தைத் திருப்பும் மேலைத்தேயக் கேளிக்கை இது என்பது மூன்றாவது வாதம். முதலிரண்டும் பழமைபேணுவோருடையவை, மூன்றாவதோ தம்மை முற்போக்காளர் எனக் கூறிக்கொள்வோர் சிலருடையது. மூன்றும் ஆராய்ச்சிக்கு நின்றுபிடிக்க மாட்டாதவை.

முதலில் தூய்மையைப் பற்றிய வாதத்தை நோக்கலாம். களங்கப்படுத்துவதற்கு முதலில் களங்கமற்ற மூலம் ஒன்று இருத்தல் வேண்டும். சின்டெரெல்லாக் கதைக்கு அத்தகைய மூலம் எது? ஒன்பதாம் நூற்றாண்டிற் சீனாவில் துவான் செங்ஷி என்பார் எழுதிவைத்த கதையில் யெஷியன் என்னும் பெண்ணுக்கு உதவுவது ஒரு மீனின் எலும்பு. அவள் இழப்பது பொற்பாதணி. பதினேழாம் நூற்றாண்டில் இத்தாலியரான பசீலே எழுதிய கதையில் நாயகியே தன் முதலாவது மாற்றாந்தாயைப் பெட்டியின் மூடியால் கழுத்தை முறித்துக் கொல்கிறாள். பூசணிக்காய் வண்டியும் கண்ணாடிப் பாதணியும் 1697 ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டுப் பெரோ தந்தவை. 1893 ஆம் ஆண்டில் மரியன் கொக்ஸ் என்னும் ஆங்கில ஆய்வாளர் இக்கதையினதும் இதனோடு உறவுடைய கதைகளினதும் 345 வடிவங்களைத் தொகுத்து வெளியிட்டார். இவற்றுள் எதனைத் தூயதெனக் கொள்வது? மற்றைய அனைத்தையும் எந்த இயந்திரத்தில் இடுவது?

மரபின் காவலராகப் போற்றப்படும் கிறிம் சகோதரரின் செயல் இங்கு மனங்கொளத்தக்கது. 1812 ஆம் ஆண்டில் வெளிவந்த அவர்களின் முதற்பதிப்பில், வெண்பனியாள் என்னும் சிறுமியைக் கொல்ல முயல்பவள் அவளைப் பெற்ற தாயே. 1819 ஆம் ஆண்டுப் பதிப்பில் அவள் மாற்றாந்தாய் ஆக்கப்பட்டாள். தாய்மையின் புனிதம் காக்கப்பட்டது. கோபுரத்தில் அடைபட்ட ரப்புன்செல் தன் ஆடை இறுகுவதேன் எனக் கேட்கும் முதற்பதிப்புக் கூற்று அவள் கருவுற்றிருத்தலைக் காட்டியது. பின்னர் அது நீக்கப்பட்டது. அதேவேளையிற் சின்டெரெல்லாவின் சகோதரியரின் கண்களைப் புறாக்கள் கொத்திப் பிடுங்கும் காட்சி இரண்டாம் பதிப்பிற் புதிதாகச் சேர்க்கப்பட்டது. காதலின் உடலடையாளம் சிறுவருக்கு ஆகாது. கண்ணைப் பிடுங்குதல் ஆகும்! பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜேர்மன் மத்தியதர வர்க்கத்தின் ஒழுக்கக் கோட்பாட்டுக்கு அமையச் செதுக்கப்பட்ட கதைகளையே இன்று தூய்மைவாதிகள் காலங்கடந்த மரபு எனக் கொண்டாடுகின்றனர். மாற்றத்தை எதிர்ப்பதாகக் கூறுவோர் உண்மையில் ஒரு பழைய மாற்றத்துக்காகவே வழக்காடுகின்றனர்.

தமிழ் கற்போர் இவ்விடயத்தில் ஏமாறுவதற்கு நியாயமில்லை. வான்மீகியின் இராவணன் சீதையைப் பற்றித் தூக்கிச் செல்கிறான். கம்பனின் இராவணனோ அவளைத் தீண்டாது நிலத்தோடு பெயர்த்துச் செல்கிறான். தன் காலத்து மக்களின் கற்புநெறிக்கு இசையக் கதையை மாற்றிய கம்பனை எவரும் களங்கப்படுத்தியவன் என்பதில்லை. 1960களிற் பேராதனையில் மேடையேறிய ‘இராவணேசன்’ கூத்து, அரக்கன் எனப்பட்டவனை அவலநாயகனாக நிறுத்தியது. அதனை வரவேற்றுக் கைதட்டியோர் பல்கலைக்கழகச் சமூகத்தினரே. இராவணனின் பக்கம் நின்று பார்க்கக் கூத்துக்கு உரிமை உண்டெனின், அடுப்படிச் சாம்பலில் உறங்கும் பெண்ணின் பக்கம் நின்று பார்க்க நாவலுக்கு உரிமை இல்லாது போவது எவ்வாறு?

அத்தகைய ஒரு நாவலே 2009 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஆஷ்’. சீனாவிற் பிறந்து சிறுவயதிலேயே அமெரிக்காவிற் குடியேறிய மலிண்டா லோ என்பார் இளவயதினர்க்கென எழுதிய முதல் நாவல் இது. தாயையும் தந்தையையும் இழந்த ஆஷ், தந்தை விட்டுச் சென்ற கடனை உழைத்துத் தீர்க்கவேண்டும் என்னும் பெயரில் மாற்றாந்தாயின் வீட்டில் வேலைக்காரியாக்கப்படுகிறாள். காட்டில் அவளுக்குத் துணையாவது சித்ஹீன் என்னும் தேவன். அவன் வரங்களைத் தருவான்; ஆனால் அவற்றுக்கு விலை உண்டு; அவளே அவ்விலை. இதற்கிடையில் அரசனின் வேட்டைத் தலைவியான கைசா என்னும் பெண்ணுடன் அவளுக்கு ஏற்படும் பழக்கம் மெல்லக் காதலாகின்றது. இளவரசன் இந்நாவலில் வந்துபோகும் ஒரு பாத்திரமே. முதல் வரைவில் ஆஷ் இளவரசனையே காதலித்ததாகவும், அக்காதலில் உயிரில்லை என்பது பின்னரே புலனாயிற்று எனவும் நாவலாசிரியரே கூறியுள்ளார். வழக்கத்தின் பிடி எழுத்தாளரின் கையையும் எவ்வளவு இறுகப் பற்றியிருக்கிறது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இளவரசனை நீக்கி அவ்விடத்தில் ஒரு பெண்ணை வைப்பது மட்டுமே இங்கு நிகழ்ந்தது எனச் சிலர் எள்ளுவர். நாவலைப் படியாதோர் கூற்று இது. பழைய வடிவங்களில் நாயகி எதனை விரும்புகிறாள் என எவரும் அவளைக் கேட்பதில்லை. பாதணி அவள் காலுக்குப் பொருந்துகிறதா என்பதே கேள்வி. பொருந்தினால் மணம், பொருந்தாவிடின் சாம்பல். பெண்ணின் விருப்பம் அவளது பாதத்தின் அளவால் ஈடுசெய்யப்படுகிறது. ‘ஆஷ்’ நாவலிலோ முடிவைத் தீர்மானிப்பது பாதணி அன்று. வரங்களால் தான் பட்ட கடனைத் தானே தீர்த்து, தேவனின் பிடியிலிருந்து விடுபட்டபின், தன் காலால் நடந்து அவள் கைசாவிடம் செல்கிறாள். காதலியின் பால் மாறியமை இம்மாற்றத்தின் ஒரு பகுதி. விருப்பம் பெண்ணுக்குத் திரும்பிக் கிடைத்தமையே அதன் உயிர்.

அந்நாவலின் உலகத்தில் இரு பெண்கள் காதலிப்பதை எவரும் வியப்பதில்லை, கண்டிப்பதும் இல்லை. இது யதார்த்தத்துக்கு முரணானது, போராட்டத்தைத் தட்டிக்கழிப்பது என்று குறை கூறப்படலாம். ஆனால் தேவதைக் கதை என்னும் வடிவத்தின் இயல்பே அதுதான். அடுப்படி வேலைக்காரி அரசகுமாரனை மணக்கலாமா என்னும் கேள்வியைப் பெரோவின் கதையில் அமைச்சர் எவரும் எழுப்புவதில்லை. பெரோவின் காலத்துப் பிரான்சில் அத்தகைய மணம் எள்ளளவும் சாத்தியமன்று. உலகம் மறுப்பதை வாதமின்றி வழங்குவது அவ்வடிவம் எளியோர்க்குச் செய்துவந்த உபகாரம். எலிகள் குதிரைகளாவதையும் பூசணிக்காய் வண்டியாவதையும் மறுபேச்சின்றி ஏற்கும் வாசகர், இரு பெண்கள் கைகோத்தவுடன் மட்டும் ‘இது இயற்கைக்கு மாறானது’ எனக் கூவுவது நகைப்புக்குரியது.

இனி, முற்போக்கின் பெயரால் எழும் வாதத்துக்கு வரலாம். ஒருபால் காதல் முதலாளித்துவச் சீரழிவின் அடையாளம், வயிறு நிறைந்தோரின் பொழுதுபோக்கு என்பர் இவர்கள். ‘ஆஷ்’ நாவலின் நாயகி யார்? கடனுக்கு ஈடாக உடலுழைப்பை வழங்கும் ஒரு கொத்தடிமை. அவளது காலைப்பொழுது அடுப்புக்குச் சொந்தம்; மாலைப்பொழுது மாற்றாந்தாயின் ஏவலுக்குச் சொந்தம். உழைப்பைப் பறிப்போர் உழைப்பவளின் நேரத்தையும் அன்பையும் சேர்த்தே பறிக்கின்றனர் என்பதை இந்நாவல் தெளிவாகக் காட்டுகிறது. யாரைக் காதலிக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் சொத்தோடும் வாரிசுரிமையோடும் பிணைந்தது என்பதை முற்போக்காளருக்கு எடுத்துரைக்கவேண்டிய அவசியமில்லை. சாதிமாறிய காதலைத் தண்டிக்கும் கையும் ஒருபால் காதலைத் தண்டிக்கும் கையும் ஒரே குடும்பத்தின் கைகளே. முன்னதை எதிர்த்துக் கதை எழுதுவோர் பின்னதற்கு மௌனம் சாதிப்பது கோட்பாட்டு உறுதி ஆகாது. அது வெறும் கூச்சம்.

இவ்வாறு கூறுவதால் ஒருபால் காதலைப் பேசும் ஒவ்வொரு மறுகூறலும் நல்ல இலக்கியம் என்பது பொருளன்று. சந்தையின் தேவைக்காகப் பெயர்களை மட்டும் மாற்றி அச்சிடப்படும் நூல்களும் உள, அவை உயிரற்றவை. அவற்றை உயிரற்றவை எனக் கூறத் திறனாய்வாளருக்கு முழு உரிமை உண்டு. அத்தீர்ப்பு நூலைப் படித்தபின் வழங்கப்படும் இலக்கியத் தீர்ப்பாக இருத்தல் வேண்டும். படிக்கவிடாது தடுக்கும் காவற்றுறைத் தீர்ப்பாக இருத்தல் ஆகாது.

எஞ்சியிருப்பது சிறுவர் மனம் கெடும் என்னும் அச்சம். லிதுவேனியாவில் 2013 ஆம் ஆண்டில் நெரிங்கா மாசாத்தே என்னும் எழுத்தாளரின் ‘அம்பர் இதயம்’ எனப் பொருள்படும் நூல் வெளிவந்தது. ஆறு கதைகளுள் இரண்டில் ஒருபாலார் மணம் புரிந்தனர். அடுத்த ஆண்டில் நூலின் விநியோகம் நிறுத்தப்பட்டது. பின்னர் 14 வயதுக்குக் குறைந்தோர்க்குத் தீங்கு பயக்கலாம் என்னும் எச்சரிக்கையோடு அது மீண்டும் விற்பனைக்கு வந்தது. ஆசிரியர் வழக்குத் தொடுத்தார். 2020 ஆம் ஆண்டில் அவர் இறந்தபின் அவருடைய தாயார் அவ்வழக்கைத் தொடர்ந்து நடத்தினார். 2023 ஜனவரியில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தின் பெரும் அமர்வு, கருத்துவெளிப்பாட்டுச் சுதந்திரம் மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்தது. ஒருபாலார் உறவை ஏனைய உறவுகளுக்குச் சமமானதாகக் காட்டும் எழுத்தைச் சிறுவர்களிடமிருந்து மறைப்பதே அத்தடையின் நோக்கம் என நீதிமன்றம் கண்டது. மகள் எழுதிய கதைகள் நஞ்சல்ல என்பதை நிறுவுவதற்கு ஒரு தாய் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. குடும்பத்தைக் காக்கவே தடை விதிக்கின்றோம் என்போர் இத்தாயையும் ஒருகணம் எண்ணிப் பார்த்தல் நன்று.

உறையிட்டு மூடப்பட்ட நூல் தன்னைப் படிப்போர்க்கு ஒரு பாடத்தைக் கற்பிக்கிறது. நூலிலுள்ள மனிதரும் மூடிவைக்கப்பட வேண்டியவர் என்பதே அப்பாடம். தன் தோழியை நேசிக்கும் பதினாறு வயதுப் பெண் அவ்வுறையிலிருந்து கற்பது ஒழுக்கத்தை அன்று, வெட்கத்தை. அவளைக் கதைகள் அவ்வாறு ஆக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக இளவரசர் கதைகளையே கேட்டு வளர்ந்தும் அவள் அவ்வாறிருக்கிறாள். கதைகளால் மனிதரின் காதலை மாற்ற முடியும் என்பது உண்மையாயின், இளவரசர் கதைகள் அதனை எப்பொழுதோ சாதித்திருக்கும்.

இவ்விவாதம் இலங்கைக்கு அந்நியமானதன்று. ஆங்கிலேயர் 1883 ஆம் ஆண்டில் இயற்றிய தண்டனைச் சட்டக் கோவையின் 365அ பிரிவு, ஆணுக்கும் ஆணுக்கும் இடையிலான உறவைக் குற்றமாக்கியது. 1995 ஆம் ஆண்டுத் திருத்தம் ‘ஆண்’ என்னும் சொல்லை நீக்கிப் பெண்களையும் அதனுள் அடக்கியது. சமத்துவம் வந்தது, தண்டனையிற் சமத்துவம்! இக்குற்றத்தை நீக்க முன்மொழியப்பட்ட சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என 2023 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கிலேயரின் ஒழுக்க விதியைத் தமிழ்ப் பண்பாடு எனக் கொண்டு காப்போர், ஒருபால் காதலை மேலைத்தேய இறக்குமதி என்பது வரலாற்றின் கொடிய பகடி. இறக்குமதியானது காதல் அன்று. அதனைக் குற்றமாக்கிய சட்டமே.

ஆகவே தமிழ் மாணவர்க்கும் விரிவுரையாளர்க்கும் உள்ள கடமை தெளிவானது. நாட்டார் கதைகளும் அவற்றின் மறுகூறல்களும் வகுப்பறையிற் பயிலப்படும்போது இத்தகைய நூல்களும் அங்கே திறந்து வைக்கப்படல் வேண்டும். நல்லனவற்றை நல்லன எனவும் குறைபாடுடையவற்றைக் குறைபாடுடையன எனவும் கூறுவோம். ஆனால் கூறுமுன் படித்தல் வேண்டும். படிக்கும் அவ்வகுப்பில், தன் பெயரை எந்தக் கதையிலும் கண்டறியாத மாணவியோ மாணவனோ ஒருவர் பின்வரிசையில் அமர்ந்திருக்கக்கூடும் என்பதையும் மறத்தல் ஆகாது.